பழைய துப்பாக்கித் துணைப்பொருட்களை வீட்டில் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் வார், தோட்டாப் பை, மருந்துக்கொம்பு என்று பழைய படைக்கலச் சாமான்களைப் பொழுதுபோக்காகச் செய்து பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. துணைப்பொருள்னா எதெல்லாம்? துப்பாக்கி பாகமும் இதுல வருமா?

வராது. இங்கே பேசுவது துப்பாக்கியோடு கூட இருந்தவற்றை மட்டும்: தோளில் மாட்டும் வார், தோட்டாப் பை, கேப் பை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு செம்புக் குமிழ்களை வைப்பது), மருந்துக்கொம்பு (வெடிமருந்து வைக்கும் மாட்டுக்கொம்பு), பித்தளைக் கொக்கி, பக்கிள் போன்றவை. குழலில் திருகுவது, தோட்டா ஊட்டுவது, விசையோடு சேர்வது எதுவும் இந்தப் பக்கத்தில் இல்லை. பல நாடுகளில் அவை ஆயுதத்தின் பாகமாகவே கணக்கில் வரும். உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். தோல் பைக்கு அந்தச் சிக்கல் பொதுவாக இல்லை. ஆனால் பையோடு போலித் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் அது வேறு கதை. உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. தோல் வேலையே தெரியாது. எதுல ஆரம்பிக்கலாம்?

கேப் பையில் ஆரம்பிக்க வேண்டாம். சின்னதாக இருப்பதால் சுலபம் என்று நினைக்கத் தோன்றும். வளைவு, தையல், ஈரத்தோலை அச்சில் அழுத்துவது எல்லாம் உள்ளங்கை அளவு இடத்தில் வந்து நிற்கும்.

நேர் வார் ஒன்று செய்யுங்கள். நேராக வெட்டுவது, ஓரம் மழுக்குவது, துளை போடுவது, சாயம் ஏற்றுவது நான்கும் அதிலேயே பழகிவிடும். வேண்டிய கருவிகளும் குறைவு: கூரிய கத்தி, இரும்பு அளவுகோல், ஓரம் சீவும் உளி, துளை பஞ்ச், குத்தூசி, மழுங்கிய முனை ஊசி இரண்டு, தேன்மெழுகுக் கட்டி ஒன்று.

3. எந்தத் தோல் வாங்கணும்? கடையில கேட்டா எல்லாமே ஒரிஜினல் லெதர்னு சொல்றாங்க.

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல் வேண்டும். கைப்பையும் சோபாவும் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலில் வருகின்றன. அது மெத்தென்று இருக்கும், ஈரத்தில் அச்சுப் பிடிக்காது, 10-வது கேள்வியில் வரும் இரும்புக் கறுப்பும் ஏறாது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். குரோம் தோல் உள்ளே நீலச் சாம்பல் நிறமாக இருப்பது வழக்கம், பட்டைத் தோல் இளம்பழுப்பு. சந்தேகமாக இருந்தால் ஒரு துணுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பட்டைத் தோல் உறிஞ்சிக் கருத்து, காய்ந்தபின் வெளுக்கும்.

கனம்: வாருக்கு 3.2 முதல் 3.6 மி.மீ., தோட்டாப் பையின் உடலுக்கு 2.5 முதல் 3 மி.மீ., கேப் பைக்கு 2 மி.மீ. தோல் கடைக்காரர்கள் அவுன்ஸில் சொன்னால் ஒரு அவுன்ஸ் 0.4 மி.மீ. என்று கணக்குப் போடலாம். வார்த் துண்டை முதுகுப் பகுதியிலிருந்து, முதுகெலும்புக்கு இணையாக வெட்டுங்கள். வயிற்றுத்தோல் மலிவு, மலிவாக இருப்பதற்கான காரணம் 6-வது கேள்வியில்.

4. அசல் ஒன்னு கையில இருக்கு. அதை அளந்து அப்படியே வெட்டினா போதும்தானே?

நூறு வருடத் தோல் அகலத்தில் சுருங்கியிருக்கும், சுமை தாங்கிய திசையில் நீண்டிருக்கும். 30 மி.மீ. என்று அளந்து 30-க்கு வெட்டினால் பக்கிளுக்குள் தொளதொளவென்று ஆடும். பித்தளை சுருங்காது. அதனால் அகலத்தைப் பக்கிளின் உள்வாயில் அளந்து எடுங்கள். உள்வாய் 33 மி.மீ. என்றால் வார் 32.

நீளத்துக்குத் துளைகளின் இடைவெளியைப் பாருங்கள். அதிகம் இழுபடாத நுனிப் பக்கத்துத் துளைகள் உண்மைக்கு அருகில் இருக்கும். நடுத் துளைகள் நீள்வட்டமாகிப் பொய் சொல்லும். அசலின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பது பாதுகாப்பானது. தையலைப் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

5. அந்த அசல் தொட்டாலே செம்பொடியா உதிருது. எண்ணெய் தேய்க்கலாமா?

வேண்டாம். பட்டையில் பதனிட்ட பழைய தோல் காற்றிலுள்ள கந்தக டை ஆக்ஸைடை உறிஞ்சி உள்ளுக்குள் அமிலமாகி நார் அறுந்து பொடியாகும் நோய் இது. எண்ணெய் அறுந்த நாரை ஒட்டாது; கருப்பாக்கிப் பிசுபிசுக்க வைக்கும், அவ்வளவுதான். அருங்காட்சியகங்களில் க்ளூசெல் ஜி என்ற செல்லுலோஸ் பொடியை ஆல்கஹாலில் கரைத்து மெல்லப் பூசிப் பொடியை நிறுத்துகிறார்கள். அதுவும் நோயை ஆற்றாது, மேலும் உதிராமல் பிடித்து வைக்கும். அப்படிப்பட்ட வாரை மாதிரியாக மட்டும் வையுங்கள், அதில் எதையும் தொங்கவிடாதீர்கள்.

6. 1907 மாடல் வார் செஞ்சேன். கொக்கி துளையில உட்கார மாட்டேங்குது, ஒரு வாரத்துல வார் நீண்டும் போச்சு. என்ன தப்பு?

இரண்டும் வெவ்வேறு தப்பு. முதலில் அமைப்பைப் பார்ப்போம். அமெரிக்க ராணுவத்தின் 1907 வார் இரண்டு துண்டு: ஒன்று சுமார் 48 அங்குலம், மற்றது சுமார் 24 அங்குலம், இரண்டும் 1¼ அங்குல (32 மி.மீ.) அகலம். ஒவ்வொன்றின் முனையிலும் இரட்டைப் பல் கொக்கி, வார் நெடுக ஜோடி ஜோடியாகத் துளைகள், மேலே நகரும் இரண்டு தோல் வளையங்கள். 1903 ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த வார், பிறகு எம்1 கேரண்ட் துப்பாக்கியிலும் மாட்டப்பட்டது.

கொக்கி உட்காராததற்குக் காரணம், துளையை முதலில் போட்டுவிட்டுக் கொக்கியைப் பிறகு வாங்கியது அல்லது செய்தது. இரண்டு பல்லுக்கும் நடுவிலான இடைவெளி செய்பவருக்குச் செய்பவர் ஒரு மி.மீ. மாறும், ஜோடித் துளைக்கு அந்த ஒரு மி.மீ. போதும். கொக்கி கையில் வந்தபின், ஈரத்துணியால் நனைத்த தோல் துணுக்கில் பல்லை அழுத்துங்கள். விழும் இரண்டு குழியே உங்கள் அளவு. அதை ஒரு தகரத் துண்டில் துளைத்து அச்சாக வைத்துக்கொண்டு எல்லாத் துளையும் அதன் வழியே போடுங்கள். துளை வட்டமாக இல்லாமல் நெடுக்கில் கொஞ்சம் நீண்டிருந்தால் பல் சாய்ந்து நுழைய இடம் கிடைக்கும்.

நீண்டதற்குக் காரணம் வயிற்றுத்தோல், அல்லது முன்னிழுப்பு செய்யாதது. வெட்டிய வாரைத் துளை போடுவதற்கு முன் ஈரமாக்கி, உத்தரத்தில் தொங்கவிட்டு, அடியில் 8 முதல் 10 கிலோ எடை கட்டி ஒரு நாள் காயவிடுங்கள். நீள வேண்டியது அப்போதே நீண்டுவிடும். அதனால் கணக்குக்கு 3 அங்குலம் கூடுதலாக வெட்டி, இழுத்தபின் நறுக்குவது முறை. முடித்த வாரில் 20 கிலோவை ஒரு மணி நேரம் தொங்கவிட்டுத் தையலைச் சோதியுங்கள். துப்பாக்கி சுமார் 4 கிலோதான், ஆனால் ஓடும்போது வெட்டி இழுக்கும்.

நகரும் வளையத்தின் அளவுக்கு ஒரு கணக்கு. உள்ளே போவது 3.4 மி.மீ. தோல் இரண்டு மடிப்பு என்றால் 32-உம் 6.8-உம் கூட்டி இரட்டித்தால் 77.6. வளையத்தோல் 2.5 மி.மீ. கனம் என்றால் மூலை திரும்புவதற்கு 8 சேருங்கள். ஆக 86 மி.மீ. வெட்டி முனையோடு முனை சேர்த்துத் தையுங்கள். முதல் நாள் இறுக்கமாக இருந்தால் அது சரியான வளையம்.

7. கையால தைக்கணுமா? மெஷின்ல தைச்சா யாருக்குத் தெரியப்போகுது?

எந்தக் காலத்துப் பொருள் என்பதைப் பொறுத்தது. எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரக் காப்புரிமை வாங்கியது 1846-ல். உலகப் போர்க் காலத்து வாரில் இயந்திரத் தையலே இயல்பு. கையால் தைத்தால்தான் கொஞ்சம் விசித்திரம். 1861 தோட்டாப் பைக்குக் கைத்தையல் பொருத்தம்.

கைத்தையல் என்பது சேணத் தையல்: ஒரே நூல், இரு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் புகும். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். லினன் நூலைத் தேன்மெழுகில் மூன்று தடவை இழுத்து, அங்குலத்துக்கு 7 தையல் போடுங்கள். தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் எடு என்பார்கள். அது 3 மி.மீ. மொத்தக் கனத்துக்குச் சரி. இரண்டு வார்த்தோல் சேர்ந்து 7 மி.மீ. ஆனால் ஆறு மடங்கு குடிக்கும். ஊசி பிடிக்க மேலும் 40 செ.மீ. வேண்டும். பாதியில் நூல் தீர்ந்து நிற்பவர்கள் எல்லாரும் நான்கு மடங்குக்காரர்கள்தான்.

8. 40 தோட்டா பிடிக்கிற பை செய்றேன். தகரப் பெட்டி உள்ளே போகமாட்டேங்குது.

பையை முதலில் செய்ததால் வந்த வினை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து .58 (குழல் விட்டம் 0.58 அங்குலம்) பையில் இரண்டு தகரப் பெட்டிகள். ஒவ்வொன்றின் கீழ்ப் பாகமும் முன்னால் திறந்திருக்கும், அதில் 10 தோட்டாக் கட்டு ஒன்று. மேல் பாகம் இரண்டு அறை: ஒன்றில் 6, மற்றதில் 4 உதிரித் தோட்டா. ஆகப் பெட்டிக்கு 20, பைக்கு 40.

வரிசை இப்படி இருக்கட்டும். 15 மி.மீ. மரக்குச்சியைத் தோட்டா நீளத்துக்கு நறுக்கி, தாள் சுற்றிப் போலித் தோட்டா 20 செய்யுங்கள். அதை அடுக்கிப் பார்த்து 0.3 மி.மீ. தகரத்தில் பெட்டி வெட்டுங்கள். மேல் விளிம்பை 4 மி.மீ. மடித்துத் தட்டுங்கள், இல்லையென்றால் விரல் கிழியும். மூலைகளை ஈயம் பற்றவையுங்கள். பற்றவைத்தபின் அமிலப் பசையைச் சோடா நீரில் கழுவாவிட்டால் ஒரு மாதத்தில் துரு தோலுக்கு இறங்கும். இரண்டு பெட்டியையும் சேர்த்துப் பிடித்து, சுற்றிலும் 1.5 மி.மீ. கூடுதலாக ஒரு மரக்கட்டை செதுக்குங்கள். அந்தக் கட்டையைச் சுற்றித்தான் தோலைத் தைக்க வேண்டும். தோல் காய்ந்து இறுகும்போது அந்த 1.5 மி.மீ.யைத் தின்றுவிடும், பெட்டி சரியாக இறங்கும்.

உணவு டப்பாவை வெட்டினால் ஆகாதா என்று கேட்பார்கள். உள்ளே பூச்சு இருந்தால் ஈயம் ஒட்டாது. சுரண்டினால் ஒட்டும், சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

9. கேப் பை வாயில ஆட்டு ரோமம் ஏன்? அழகுக்கா?

கேப் என்பது மிளகை விடக் கொஞ்சம் பெரிய செம்புக் குமிழ். மூடி திறந்த பையோடு ஓடினால் எல்லாம் கொட்டிவிடும். ரோமத்தோடு கூடிய செம்மறித் தோல் பட்டை பின்சுவரின் வாயோரம் இருப்பதால், மூடி திறந்தாலும் கேப் சிந்தாது. விரலுக்கு ஒன்றிரண்டாகவே வரும். ரோமம் 10 முதல் 12 மி.மீ. உயரம் போதும். செயற்கை ரோமம் படுத்துவிடும்.

முன்பக்கக் குழிவுக்குத் தோலை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, குமிழி நின்றதும் எடுத்து, மரக்கட்டையில் விரலாலும் எலும்புக் கரண்டியாலும் அழுத்துங்கள். கொதிநீர் கூடாது. ஈரப் பட்டைத்தோல் 70 டிகிரிக்கு மேல் போனால் சுருண்டு கட்டையாகிவிடும், மீட்க வழியில்லை. வெயிலில் காயவைப்பதும் அதே தப்பின் தம்பி.

10. கறுப்புச் சாயம் சட்டையில எல்லாம் ஒட்டுது. அந்தக் காலத்துல எப்படி ஒட்டாம இருந்துச்சு?

அன்று கறுப்புக்குச் சாயம் பூசியதை விட இரும்பும் பட்டைச் சாறும் வினைபுரிந்து தோலுக்குள்ளேயே கறுப்பு உண்டானதே அதிகம். வீட்டிலும் செய்யலாம். இரும்புக் கம்பளியைச் சோப்பு நீரில் எண்ணெய் போகக் கழுவி, ஒரு கைப்பிடி எடுத்து ஒரு லிட்டர் வெள்ளை வினிகரில் போட்டு இரண்டு வாரம் வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், ஹைட்ரஜன் வெளிவரும். அடுப்புப் பக்கமும் வேண்டாம். பிறகு காப்பி வடிக்கும் தாளில் வடிகட்டுங்கள்.

தோலில் முதலில் கடுந்தேயிலை நீரை ஒரு தடவை பூசுங்கள், பிறகு இரும்பு வினிகர். முதலில் சாம்பல், அரை நிமிடத்தில் நீலக் கறுப்பு. 10 நிமிடம் கழித்து, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் சோடா கரைத்த நீரில் கழுவி, நல்ல நீரில் அலசுங்கள். இந்தக் கழுவலை விட்டால் மிச்ச அமிலம் 5-வது கேள்வியில் சொன்ன வேலையைச் சில வருடத்திலேயே முடித்துவிடும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) மெல்லிசாக. எண்ணெய் ஏறியதும்தான் அசல் கறுப்பு தெரியும்.

11. பிரிட்டிஷ் கித்தான் வார் செய்ய நைலான் பட்டை போதுமா?

தூரத்தில் இருந்து பார்த்தால் போதும். ஓர நூல் ஒன்றை எரித்துப் பாருங்கள்: பருத்தி தாள் மணத்தோடு சாம்பலாகும், நைலான் உருகி மணியாகும். 32 மி.மீ. பருத்திப் பட்டை வாங்கி, வெட்டுமுன் சூடான நீரில் துவைத்துச் சுருக்குங்கள்; மீட்டருக்கு 5 செ.மீ. வரை போகும். முனைகளுக்கு 0.5 மி.மீ. பித்தளைத் தகடு மடித்து ரிவெட்.

1908-ல் வந்த கித்தான் படைச்சாமான் தொகுப்பு பக்கம் 75 வீதம் 150 தோட்டா சுமந்தது. 1914-ல் போர் வெடித்தபோது கித்தான் நெசவு தேவைக்கு ஈடுகொடுக்காததால் அதே வேலைக்குத் தோலில் 1914 மாடலைக் கொண்டுவந்தார்கள். நெய்த பைகளை வீட்டில் சரியாகச் செய்வது கடினம். பிரிட்டிஷ் தொகுப்பு வேண்டும், தோல் வேலை மட்டும் தெரியும் என்பவர்கள் 1914-ஐ எடுப்பது புத்திசாலித்தனம்.

12. மருந்துக்கொம்பு செய்யும்போது அடிக்கட்டை நிக்கவே மாட்டேங்குது. கொம்பு வட்டமாவும் இல்ல.

எந்தக் கொம்பும் வட்டமாக இருக்காது. கொம்பு நம் நகம், முடி போலக் கெரட்டின், சூட்டில் இளகும். கட்டையைக் கொம்புக்கு ஏற்பச் செதுக்க வேண்டாம், கொம்பைக் கட்டைக்கு ஏற்ப வளைக்க வேண்டும். சற்றே கூம்பலாக ஒரு வட்ட மரக்கட்டை கடைந்துகொள்ளுங்கள். கொம்பின் அகல முனையை 5 செ.மீ. ஆழம் கொதிநீரில் 20 நிமிடம் வைத்து, எடுத்த அரை நிமிடத்துக்குள் கட்டையைத் தட்டி இறக்குங்கள். இரவு முழுக்க ஆறவிடுங்கள். கொம்பிலும் கட்டையிலும் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். அந்தக் கோடு இல்லாமல் மறுபடி பொருத்துவது நரகம். பிறகு சுற்றிலும் 8 துளை, 3 மி.மீ. மர ஆணி, இடுக்கில் உருக்கிய தேன்மெழுகு.

நுனியில் துளை போடுமுன் ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குழிவு எங்கே முடிகிறது என்று வெளியே குறித்துக்கொள்ளுங்கள். வளைவு காரணமாகத் துளை பக்கவாட்டில் வெளியே வந்துவிடுவதுதான் பொதுவான விபத்து. முதலில் 3 மி.மீ., பிறகு 6. உடைந்த கண்ணாடி விளிம்பாலோ எஃகுத் தகட்டாலோ சுரண்டிச் சுவரை 2 மி.மீ. ஆக்கினால் வெளிச்சத்தில் பிடிக்கும்போது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். பழையவர்கள் மெல்லிசாக்கியது அதற்கும்தான். தூளை மூச்சில் இழுக்காதபடி முகமூடி போடுங்கள், முடி கருகும் வாடை வரும். ஓட்டை சோதிக்க நுனியில் ஊதியபடி நீரில் அமிழ்த்துங்கள். இது காட்சிக்கு மட்டும். உள்ளே வெடிமருந்து போட வேண்டாம்.

13. பித்தளையைப் பழசாக்க அமோனியா டப்பாவுல வைக்கச் சொல்றாங்க. செய்யலாமா?

தட்டையான, வளைக்காத தகடு என்றால் பரவாயில்லை. வளைத்த கொக்கி, அடித்த ரிவெட் என்றால் கூடாது. குளிரில் வளைத்த பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அமோனியா ஆவி பட்டால் அந்த இறுக்கம் வழியே விரிசல் ஓடும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் இதைப் பாடமாகவே படித்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவே காரணம் என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் 1921-ல் விளக்கினார்கள். அவர்கள் கண்ட மருந்தே உங்களுக்கும்: இறுக்கத்தைச் சூட்டில் தளர்த்துவது. தோலில் தைக்குமுன் கொக்கியை 250 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிடுங்கள்.

அதைச் செய்தாலும் அமோனியாவை விட வினிகர் ஆவியே நல்லது. மேலே லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு இருந்தால் அசிட்டோனில் துடையுங்கள், டப்பாவில் வினிகர் நனைத்த தாள், அதில் படாமல் மேலே பித்தளை, ஓர் இரவு. மங்கிய பழுப்பு வரும். உயரமான இடங்களைக் கட்டைவிரலால் தேய்த்து மெருகு ஏற்றுங்கள்.

14. கொக்கி ஓரத்துல பச்சையா பிசுபிசுன்னு வருதே?

களிம்பு. தோலின் எண்ணெய்க் கொழுப்பும் செம்பும் சேர்ந்தது. பல்குச்சியால் சுரண்டி ஸ்பிரிட்டில் துடையுங்கள். பித்தளை தொடும் இடத்தில் எண்ணெய் விடாமல் இருப்பதும், கொக்கியின் பின்புறம் மெழுகு தேய்ப்பதும் போதும்.

15. புதுத்தோலைப் பழசு மாதிரி காட்ட என்ன பண்ணலாம்? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன், பொம்மை மாதிரி ஆயிடுச்சு.

எல்லா இடத்தையும் சமமாகத் தேய்த்திருப்பீர்கள். பயன்பாடு சமமாகத் தேய்க்காது. வாரில் தேய்வது கொக்கி மடியும் இடமும் தோள்பட்டை படும் நடுப்பகுதியின் இரு ஓரமும்தான். தோட்டாப் பையில் மூடியின் கீழ் மூலையும் தாழ்ப்பாள் நாக்கும். வளையத்துக்கு அடியில் மறைந்திருந்த பகுதி கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். அந்தப் பட்டை தெரிந்தால்தான் பார்ப்பவருக்கு நம்பிக்கை வரும்.

வாரை 200 தடவை மேசை விளிம்பில் முன்னும் பின்னும் இழுங்கள், கையால் பிசையுங்கள். தையல் குழியில் கறுப்பு மெழுகைத் தடவி மேலே துடையுங்கள். உப்புத்தாளைக் கடைசியாக, 400 எண்ணில், நான்கைந்து இடத்தில் மட்டும். சாயமும் எண்ணெயும் முடிந்தபின்தான் இது; முன்னால் செய்தால் தேய்த்த இடம் சாயத்தை அதிகம் குடித்துக் கரும்புள்ளியாகும்.

16. பழைய ஆலை முத்திரை, ஆய்வாளர் எழுத்து எல்லாம் குத்தினா இன்னும் அசலா இருக்குமே?

இருக்கும், அதனால்தான் வேண்டாம். 15-ல் சொன்னபடி பழமையேற்றிய பொருளில் பழைய முத்திரையும் இருந்தால், இரண்டு கை மாறியபின் யாரோ ஒருவர் அசல் விலை கொடுத்து வாங்குவார். உங்கள் பெயரெழுத்தையும் வருடத்தையும் 4 மி.மீ. எழுத்தில், மூடியின் உட்புறத்திலோ வாரின் சதைப்பக்கத்திலோ குத்துங்கள். ஈரத்தோலில் குத்தினால் பிறகு சுரண்டி அழிப்பது கடினம். மை முத்திரை அழிந்துவிடும். நாடக மேடைக்குச் செய்கிறேன், முத்திரை தெரிய வேண்டும் என்றால் கற்பனை எழுத்துகளைப் போடுங்கள்.

17. தோல் உறையும் செஞ்சுட்டேன். துப்பாக்கியை அதுலயே போட்டு வைக்கலாமா?

உரிமத்தோடு வைத்திருக்கும் துப்பாக்கி என்றாலும் தோலுக்குள் நீண்டநாள் வைக்காதீர்கள். தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பின் மேலேயே பிடித்து வைக்கும், பதனிட்ட அமிலமும் மிச்சமிருக்கும். தோல் பட்ட இடம் முழுக்கப் படம் வரைந்ததுபோலத் துரு ஏறும். ஓக் மரப்பெட்டியும் அப்படித்தான்: அதிலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவியில் ஈயக் குண்டுகள் வெள்ளைப் பொடி பூக்கும்.

தோல் பொருட்களைத் தனியாக, பருத்தித்துணியில் சுற்றி, மடிக்காமல் வையுங்கள். பைக்குள் அமிலமில்லாத தாளைத் திணித்தால் உருவம் நிற்கும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். வாரை ஆணியில் தொங்கவிடாமல் அகலமான உருளையில் சுற்றி வைத்தால் கொக்கி மடிப்பில் வெடிப்பு வராது.